கடைசி ஆள் சாவியை யாரிடம் கொடுப்பது?

போன இதழில், படிக்க ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய வாசகசாலையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. வந்தவற்றில் பாதி துக்க வீடுகளிலிருந்து வந்தவை. அதனால் இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். அவற்றை அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பாரிமுனைக்குப் போன இடத்தில் அரண்மனைக்காரன் தெருவில் உள்ள ஆர்மீனியன் சர்ச்சுக்குள் நுழைந்து பார்த்தேன். மரம், நிழல், கல்லறைகள் எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன, ஆனால் கும்பிட ஒருவர்கூட இல்லை. சென்னையில் இப்போது ஆர்மீனியர்களே கிடையாது என்கிறார்கள். பிறகு யார் பணத்தில் இது நடக்கிறது?
(வாசகி, பெரம்பூர்)

பதில்: செத்துப்போனவர்கள் பணத்தில். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நீங்கள் பார்த்த கட்டடம் 1772இல் கட்டியது. அந்தக் காலத்து மதராஸில் ஆர்மீனிய (மேற்காசியாவில் உள்ள ஆர்மீனியாவைப் பூர்வீகமாகக் கொண்ட) வியாபாரிகள் பெரிய கைகள். பிறகு வியாபாரம் வெள்ளைக்காரன் பக்கம் சாய்ந்தது, பிள்ளைகள் கல்கத்தாவுக்கும் கடல் கடந்தும் போனார்கள், இங்கே கல்லறைகள் மிஞ்சின. இன்று சர்ச்சைப் பார்த்துக்கொள்வது கல்கத்தாவிலுள்ள ஆர்மீனியத் திருச்சபைக் குழு. அங்கேயும் ஆள் குறைச்சல்தான். ஆனால் முன்னோர் எழுதி வைத்த சொத்தும் வருமானமும் இருக்கிறது, அதில் ஒரு பங்கு இங்கே வந்து சுண்ணாம்பு அடிக்கிறது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறது. மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில், பூசை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவற்றை அடிப்பார்கள். அடுத்த தடவை ஞாயிறன்று போய்ப் பாருங்கள்.

(தெருப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்மீனியன் தெரு என்பது நம் வாயில் புகுந்து அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை.)

இந்தச் சமூகத்தார் எழுதி வைத்ததைப் பார்த்தால் ஒன்று புரியும்: தாங்கள் இந்த ஊரில் நிரந்தரம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்று ஒருவர். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் சொந்தச் செலவில் பாலம் கட்டினார், பரங்கிமலை ஏறப் படிக்கட்டும் கட்டினார். பாலம் கட்டுகிற தர்மவான்கள் எல்லா ஊரிலும் உண்டு. இவர் அதோடு நிற்காமல், பாலம் பழுதானால் சரிசெய்யவும் தனியாகப் பணம் ஒதுக்கினார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அங்கேதான். கட்டியவர் பெயரைத்தான் கல்லில் வெட்டுவோம், பழுது பார்க்கிறவன் பெயரை யாரும் வெட்டுவதில்லை, அதனால் அதற்குப் பணம் கொடுக்க யாருக்கும் மனசு வராது. அவர் 1751இல் இறந்தார். அந்தப் பாலம் 200 வருஷத்துக்கு மேல் நின்று, 1960களில் இப்போதைய மறைமலையடிகள் பாலத்துக்கு வழிவிட்டது.

இன்னும் ஒன்று. எட்வர்ட் ரபாயேல், சாமுவேல் முராத் என்ற இரண்டு மதராஸ் ஆர்மீனியர்கள் விட்டுச் சென்ற பணத்தில் பள்ளிக்கூடம் வந்தது எங்கே தெரியுமா? இத்தாலியில். வெனிஸில் ஆர்மீனியத் துறவிகள் 1836இல் தொடங்கிய அந்தப் பள்ளி 20ஆம் நூற்றாண்டின் கடைசிவரை நடந்தது. இங்கே சம்பாதித்த காசில், அங்கே அப்போது சொந்த நாடில்லாத ஆர்மீனியப் பிள்ளைகள் தாய்மொழி படித்தார்கள்.

நீங்கள் பார்த்த கல்லறைகளில் ஒன்று ஹாருத்யூன் ஷ்மாவோனியனுடையது. பாரசீகத்து ஷிராஸிலிருந்து வந்த பாதிரியார். இரண்டு பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்து, பல வருஷம் ஒதுங்கி இருந்துவிட்டு, மதராஸுக்கு வந்து அச்சகம் வைத்து, 1794இல் ‘அஸ்தரார்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். உலகத்தில் ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அதுதான். 18 இதழோடு நின்றுபோனது. பத்திரிகைத் தொழிலில் இருக்கிற எங்களுக்கு அதில் ஒன்றும் ஆச்சரியமில்லை.

கேள்வி: நாங்கள் இருக்கும் தெருவில் 100 வருஷத்துப் பழைய சர்ச் ஒன்றை மூடுகிறார்கள். மிச்சம் இருப்பது 20 பேர், எல்லோரும் 70ஐத் தாண்டியவர்கள். கட்டடத்தை விற்று, வந்த பணத்தைப் பசியாற்றும் நிலையத்துக்கு, கல்வி உதவித்தொகைக்கு என்று பிரித்துக் கொடுக்கப்போவதாகப் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டு அவரிடம் முறைப்பு வாங்கினேன். இங்கே இது எப்படி நடக்கிறது?
(வாசகர், டாலஸ், அமெரிக்கா)

பதில்: முறைத்தது நியாயம்தான் சார். எடுத்துக்கொள்ள முடியாது. வரிவிலக்கு பெற்ற அமைப்பு கலையும்போது சொத்து இன்னொரு அறக் காரியத்துக்கே போக வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். உறுப்பினர் பையில் ஒரு டாலர் போனாலும் தப்பு.

ஆனால் யார் முடிவு செய்வது என்பது சபைக்குச் சபை மாறும். மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன் சபைகளில் கட்டடம் ஏற்கெனவே மேலமைப்புக்கான நம்பிக்கைச் சொத்தாக (டிரஸ்ட்) இருக்கும். உள்ளூர் ஆட்கள் செங்கல் செங்கலாகக் கட்டியிருந்தாலும், மூடும்போது அது மேலே போய்விடும். கத்தோலிக்கர்களிடம் மறைமாவட்டம் (ஆயரின் நிர்வாகம்) முடிவு செய்யும். பாப்டிஸ்ட் மாதிரி ஒவ்வொரு சபையும் தனக்குத் தானே ராஜா என்று இருக்கும் இடங்களில்தான் அந்த 20 பேர் உட்கார்ந்து கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு, இத்தனை பங்கு இதற்கு, இத்தனை அதற்கு என்று தீர்மானிக்க முடியும். உங்கள் பாட்டியின் சர்ச் அந்த வகையாக இருக்க வேண்டும்.

இது அபூர்வமான காட்சியும் இல்லை. லைஃப்வே என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 4,500 புராட்டஸ்டண்ட் சர்ச்சுகள் மூடப்பட்டன, புதிதாகத் திறந்தவை சுமார் 3,000. 1999இல் ஏதாவது ஒரு சர்ச்சிலோ யூத ஜெபாலயத்திலோ மசூதியிலோ உறுப்பினராக இருந்த அமெரிக்கர் 70 சதவீதம், 2020இல் 47 சதவீதம் என்கிறது கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம். பாதிக்குக் கீழே போனது அப்போதுதான் முதல் தடவை.

சிக்கல் எங்கே வரும் என்றால், பழைய நன்கொடைகளில். 1950இல் ஒரு அம்மாள், செத்துப்போன மகன் ஞாபகமாக, ‘இந்தச் சர்ச்சின் பாடகர் குழுவுக்கு மட்டும்’ என்று ஒரு தொகையை எழுதி வைத்திருப்பார். சர்ச்சே இல்லை, பாடகர் குழு எங்கே? அதைத் தூக்கிப் பொதுக் கணக்கில் சேர்க்க முடியாது. நீதிமன்றம் போய், கொடுத்தவர் நினைத்ததற்கு மிகக் கிட்டத்தில் இருக்கிற காரியம் எதுவோ அதற்குத் திருப்ப வேண்டும், மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலும் (அரசின் தலைமை வக்கீல்) அதில் ஒரு கண் வைத்திருப்பார். இந்த விதிக்குச் சை-ப்ரே என்று பெயர். பழைய பிரெஞ்சு வார்த்தை, ‘கூடிய மட்டும் கிட்ட’ என்பது மாதிரி அர்த்தம். நம் நீதிமன்றங்களும் இதைக் கையாளுகின்றன. 1794இல் இறந்த பச்சையப்ப முதலியார் கோயில் கைங்கரியங்களுக்காக எழுதி வைத்த சொத்து, வழக்கு வியாச்சியம் என்று பல பத்து வருஷம் இழுத்து, பெருகி நின்ற உபரியைப் படிப்புக்குத் திருப்பிவிடலாம் என்று முடிவாகி, 1842இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. கோயிலுக்கு வைத்தது கோயிலுக்கும் போனது, மிச்சத்தில் பச்சையப்பன் கல்லூரி நமக்குக் கிடைத்தது.

அமெரிக்காவில் யூதர்களின் சின்னச் சின்ன ஜெபாலயங்களும் இப்படி மூடப்படுகின்றன. அவர்கள் முதலில் யோசிப்பது இரண்டு விஷயம்: கையால் எழுதிய தோரா என்ற வேதச் சுருள் எந்தப் புதுச் சபைக்குப் போகும், இடுகாட்டில் புல் வெட்ட நிரந்தரமாக யார் பணம் கொடுப்பார்கள். கட்டடம் பிறகுதான். இந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: முதலைத் தொடாமல் வட்டியில் தர்மம் செய்வது வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஏற்பாடு என்கிறான் என் நண்பன். உண்மையா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தஞ்சாவூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? பெரிய கோயில் சுவரில் போய்ப் பாருங்கள். ஒரு நந்தாவிளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடு தானம். ஆட்டை மேய்க்கிறவர் தினம் ஒரு உழக்கு நெய் கொண்டுவந்து தர வேண்டும், குட்டியும் பாலும் அவருக்கு. மந்தை மட்டும் எண்ணிக்கை குறையக் கூடாது. செத்ததுக்குப் பதில் குட்டி வந்துகொண்டே இருப்பதால் அதற்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர் வைத்தார்கள். சாகாத, கிழடாகாத ஆடு. முதல் அழியாமல் வருமானத்தில் தர்மம் என்பதை இதைவிட அழகாக எந்த ஆடிட்டர் சொல்லிவிடப் போகிறார்?

துக்கத்துக்கும் விளக்குக்கும் அப்போதே தொடர்பு உண்டு. வேட்டையில் தவறுதலாக அம்பு பட்டு ஒருவன் செத்தால், எய்தவன் செத்தவன் பெயரில் விளக்கு வைக்க வேண்டும் என்று ஊர் தீர்ப்புச் சொன்ன கல்வெட்டுகள் இருக்கின்றன. கடைசி வரியாக ‘இத்தர்மம் ரக்ஷித்தார் ஸ்ரீபாதம் என் தலைமேலன’ என்று பல இடங்களில் வெட்டியிருப்பார்கள். ராஜாவே ஆனாலும், பின்னால் வரப்போகிற யாரோ ஒரு முகம் தெரியாதவன் காலைத் தலையில் தாங்குகிறேன் என்று கெஞ்சுகிறார். தனக்குப் பிறகு என்ன நடக்கும் என்று அவருக்கும் பயம்.

கேள்வி: என் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். போன தை மாதம் தவறிவிட்டார். அவர் பெயரில் 5 லட்சம் ரூபாயில் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். மகன் பேருந்து நிழற்குடை என்கிறான், கொழுந்தனார் கோயிலில் அன்னதானக் கட்டளை என்கிறார், எனக்கு அவர் வேலை பார்த்த பள்ளியில் பரிசு வைக்கலாம் என்று ஆசை. யோசித்து யோசித்துத் தூக்கம் வரவில்லை.
(வாசகி, கோவை)

பதில்: அம்மா, முதலில் வருஷத் திதி முடியட்டும். அதுவரை ஒருவருக்கும் செக் எழுதாதீர்கள். துக்கத்தில் இருப்பவர் வீட்டுக்கு நன்கொடைப் புத்தகத்தோடு வருகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் எல்லோரும் அவசரக்காரர்கள். பணத்தை உங்கள் பெயரிலேயே வங்கியில் போட்டுவையுங்கள். அது எங்கேயும் ஓடிவிடாது.

பரிசு விஷயத்தில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் அத்தை சின்ன வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். தாத்தா அவள் படித்த பள்ளியில் 1,000 ரூபாய் கட்டி, தமிழில் முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணுக்கு வருஷா வருஷம் பரிசு என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அந்த வட்டிக்கு நல்ல கெட்டி அட்டைப் புத்தகங்கள் ஒரு கட்டு கிடைக்கும். நான் பெரியவனாகி ஒரு வருஷம் பரிசளிப்பு விழாவுக்குப் போனேன். வட்டி 70 ரூபாய் சொச்சம். அதில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி அந்தப் பெண் கையில் கொடுத்தார்கள். மேடையில் அத்தை பெயரையும் தப்பாக வாசித்தார்கள். அப்புறம் நிர்வாகம் மாறியது, கணக்கு எந்தப் பேரேட்டில் போனது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. பள்ளியைக் குறை சொல்லி என்ன செய்வது? 1,000 ரூபாய் என்றென்றைக்கும் 1,000 ரூபாயாகவே இருக்கும் என்று தாத்தா நம்பினார். ஆடு குட்டி போடும், ரூபாய் நோட்டு கிழடாகிவிடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

உங்கள் 5 லட்சத்துக்கு 7 சதவீதம் வட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 35,000. முழுவதையும் செலவு செய்தால், விலைவாசி ஏறுகிற வேகத்தில் பதினைந்து வருஷத்துக்குள் அதன் மதிப்பு பாதியாகிவிடும். நிரந்தரமாக நடக்க வேண்டும் என்றால் வட்டியில் பாதிக்கு மேல் மறுபடி முதலில் சேர்க்க வேண்டும், அப்போது பரிசுக்கு மிஞ்சுவது 15,000 மாதிரி. இதை அன்பளிப்புப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். வாய்ச்சொல் அடுத்த தலைமையாசிரியர் வரும்வரைதான்.

எனக்கென்னவோ சின்னத் தொகைக்கு ‘என்றென்றும்’ வேண்டாம் என்றே தோன்றுகிறது. அதே 5 லட்சத்தை முதலும் வட்டியுமாகப் பத்து வருஷத்தில் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தால் வருஷத்துக்குச் சுமார் 70,000 கையில் நிற்கும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக் கட்டணத்துக்குத் தவிக்கிற ஒரு பிள்ளைக்கு அது பெரிய உதவி. பத்து வருஷம் நீங்களே பார்த்துக் கொடுக்கலாம், அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சார் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டுப் போவார்கள். கல்வெட்டு இருக்காது. இல்லாவிட்டால் போகட்டும்.

துக்கத்தில் பிறந்து பெரிதாக நின்ற தர்மங்களைப் பார்த்தால், பெரும்பாலும் அந்த மனிதருக்கு என்ன நேர்ந்ததோ அதை ஒட்டியே இருக்கும். தொழிலதிபர் தொராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய் 1931இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். குழந்தைகள் இல்லை. மறு வருஷம் தொராப்ஜி மனைவி பெயரில் லேடி டாடா அறக்கட்டளை வைத்தார், வருமானத்தில் ஐந்தில் நாலு பங்கு ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு, அதுவும் எந்த நாட்டு விஞ்ஞானியாக இருந்தாலும் சரி என்று. தன் சொத்து முழுவதையும் இன்னொரு அறக்கட்டளைக்கு எழுதிவிட்டு அதே 1932 ஜூனில் அவரும் போய்விட்டார். 1941இல் பம்பாயில் திறந்த டாடா நினைவு மருத்துவமனை அந்த வழியில் வந்தது. அந்த மனுஷன் வைத்த நிபந்தனைகள் ரொம்பக் குறைவு என்பதைக் கவனியுங்கள். நோய் எது என்று சொன்னார், மற்றதைப் பின்னால் வருகிறவர்களிடம் விட்டார்.

இன்னொன்று நம் வேலூர். சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு முடிந்து திரும்பும் சமயம் பெண்கள் மருத்துவமனைக்காகப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். கேட்டது 8,000 டாலர். ராபர்ட் ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர், இறந்துபோன மனைவி ஞாபகமாக 10,000 டாலராகக் கொடுத்தார். 1902இல் 40 படுக்கையோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. இன்று அது சி.எம்.சி.யின் கண் மருத்துவமனை. ‘ஷெல் ஆஸ்பத்திரிக்குப் போகணும்’ என்று ஆட்டோக்காரரிடம் சொல்கிற எத்தனை பேருக்கு அது ஒரு பெண்ணின் பெயர் என்று தெரியும்?

நிழற்குடை வேண்டாம் அம்மா. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போவது அதுதான். அன்னதானம் நல்ல காரியம், ஆனால் கொழுந்தனார் அவருடைய பணத்தில் வைக்கட்டும்.

கேள்வி: கிறிஸ்தவர்கள் சாகிற சமயத்தில் சர்ச்சுக்கோ அநாதை இல்லத்துக்கோ உயில் எழுதினால் செல்லாது என்று எங்கள் ஊர் பத்திர எழுத்தர் சொல்கிறார். சரியா?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: ஒரு காலத்தில் சரி. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு அப்படித்தான் இருந்தது. அண்ணன் மகன், தங்கை மகள் அளவுக்கு அல்லது அதைவிட நெருங்கிய சொந்தம் இருக்கிற கிறிஸ்தவர், மத அல்லது அறக் காரியத்துக்கு உயில் எழுதினால், எழுதி 12 மாதமாவது உயிரோடு இருக்க வேண்டும், எழுதிய 6 மாதத்துக்குள் அதைச் சட்டம் சொல்லும் இடத்தில் ஒப்படைத்தும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்லாது. மரணப் படுக்கையில் கிடப்பவரைப் பாதிரியார் பயமுறுத்தி எழுதி வாங்கிவிடுவார் என்ற பழைய இங்கிலாந்துச் சந்தேகத்தின் மிச்சம் அது. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கேரளத்துப் பாதிரியார் ஜான் வல்லமட்டம் வழக்குப் போட்டார், 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்று அடித்துவிட்டது. உங்கள் பத்திர எழுத்தர் 20 வருஷத்துக்கு மேல் பின்னால் இருக்கிறார். வேறு ஆளைப் பாருங்கள். இரண்டு சாட்சி கட்டாயம், பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பஜனை மடத்துக்கு 80 வயதாகிறது. மார்கழிக்கு வீதி பஜனை, வருஷத்துக்கு ஒரு ராதா கல்யாணம் என்று அமர்க்களமாக இருந்த இடம். இப்போது ஏழு பேர். இளையவருக்கு 66. பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும். சங்கமாகப் பதிவு செய்திருக்கிறோம், சொந்தமாக ஒரு ஓட்டுக் கட்டடமும் வங்கியில் கொஞ்சம் பணமும் உண்டு. ‘நம்மோடு போகட்டும், அப்புறம் நடக்கிறது நடக்கட்டும்’ என்கிறார் செயலாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை.
(வாசகர், மயிலாடுதுறை)

பதில்: ஒப்பாதது நல்லது. நடக்கிறது நடக்கட்டும் என்று விட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். ஏழு மூன்றாகும், கணக்குத் தாக்கல் நிற்கும், ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் மதில் சுவரை இரண்டு அடி தள்ளிக் கட்டுவார்.

முறையாகவே செய்தவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்து மாளா என்ற ஊரில் யூதர்கள் இருந்தார்கள். 1950களின் நடுவில் ஊரோடு இஸ்ரேலுக்குக் கிளம்பியபோது, பூட்டிவிட்டு ஓடவில்லை. ஊராட்சியோடு ஒப்பந்தம் எழுதி ஜெபாலயத்தையும் இடுகாட்டையும் ஒப்படைத்தார்கள். ஜெபாலயத்தை இன்னொரு வழிபாட்டு இடமாகவோ, மாடு வெட்டும் கொட்டிலாகவோ ஆக்கக் கூடாது, இடுகாட்டை அப்படியே காக்க வேண்டும் என்று நிபந்தனை. எவ்வளவு தெளிவு! அப்படியும் இடுகாட்டு நிலத்தில் ஒரு பகுதியில் விளையாட்டு மைதானம் வந்தது, ஊர்க்காரர்களிலேயே சிலர் எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. நிபந்தனை எழுதினார்கள், மீறினால் கேட்க ஓர் ஆளை ஊரில் விட்டுச் செல்லவில்லை, பராமரிப்புக்குப் பணமும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, எழுத்தைவிட ஆளே பெரிது என்று காட்டிய கதை அதே கேரளத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில். யூதரான சாரா கோஹன் அம்மாள், 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இருக்கும் தெருவில் எம்பிராய்டரிக் கடை வைத்திருந்தவர், 2019இல் 96 வயதில் இறந்தார். பிள்ளைகள் கிடையாது. கடைசிவரை மகன் மாதிரி பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம். இன்று அந்தக் கடையை அம்மாள் கையால் தைத்த துணிகளோடு காத்துக்கொண்டிருப்பதும் அவரே.

சரி, உங்கள் மடத்துக்கு வருகிறேன். சங்கப் பதிவுச் சட்டப்படி நீங்கள் ஏழு பேரும் சொத்தைப் பங்கு பிரிக்க முடியாது. அதே மாதிரி நோக்கம் உள்ள இன்னொரு அமைப்புக்குப் போக வேண்டும். வருமான வரி விலக்குப் பதிவும் வாங்கியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: கலைத்த பிறகு 12 மாதத்துக்குள் சொத்தை வேறொரு பதிவு பெற்ற அறநிறுவனத்துக்கு மாற்றாவிட்டால், சேர்ந்திருக்கும் சொத்தின் மதிப்புக்கே உச்ச விகிதத்தில் வரி போடுவார்கள். இதற்கு ஒரு ஆடிட்டரையும், அறக்கட்டளை வழக்குகள் தெரிந்த ஒரு வக்கீலையும் பாருங்கள், ஊர்ப் பெரிய மனிதரைப் பார்க்காதீர்கள்.

எழுந்து நடமாடுகிறபோதே பொதுக்குழுவைக் கூட்டுங்கள். ஏழு பேரில் சிலர் படுத்துவிட்டால், கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையே தேறாமல் போகலாம். வாங்கிக்கொள்ளும் அமைப்பைத் தேடும்போது பெரிய பெயருக்குப் போகாதீர்கள். உங்கள் கட்டடம் அவர்களுக்குப் பத்தோடு பதினொன்றாகிவிடும். பக்கத்து ஊரில் 15 பிள்ளைகளுக்குத் தேவாரமோ மிருதங்கமோ சொல்லிக்கொடுத்துக்கொண்டு, வாடகை கட்ட முடியாமல் தவிக்கிற அமைப்பு ஒன்று நிச்சயம் இருக்கும், அவர்களைத் தேடுங்கள். கொடுக்கும்போது, ஓட்டை மாற்றவும் வரி கட்டவும் என்று வங்கிப் பணத்தில் ஒரு பகுதியைத் தனியாகக் காட்டிவிடுங்கள். நிபந்தனையை ஒன்று அல்லது இரண்டோடு நிறுத்துங்கள், ‘மார்கழியில் ஒரு நாளாவது இங்கே பஜனை’ என்பது மாதிரி. அதுவும் முடியாமல் போனால் அடுத்து என்ன என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஆர்மோனியத்தையும் ஜால்ராக்களையும் பாட்டு நோட்டுகளையும் கட்டடத்தோடு விடாதீர்கள். அவற்றை ஆள் பார்த்துக் கொடுங்கள், வாசிக்கத் தெரிந்த ஆளாக. பட்டாபிஷேகப் படம் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இப்போதே பேசிவிடுங்கள். நிலத்துக்குச் சண்டை போடாதவர்கள்கூடப் படத்துக்குச் சண்டை போடுவார்கள்.

கடைசி ராதா கல்யாணத்தைப் பெரிதாகச் செய்யுங்கள். பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இரங்கல் விளம்பரத்தில் ‘மாலை வேண்டாம், அந்தப் பணத்தை இன்ன இல்லத்துக்குத் தரவும்’ என்று போட அப்பா சொல்லியிருக்கிறார். போட்டால் சொந்தக்காரர்கள் தப்பாக நினைப்பார்களா?
(வாசகி, திருச்சி)

பதில்: நினைப்பார்கள். போடுங்கள். இல்லத்தின் பெயர் ஒன்றே ஒன்று இருக்கட்டும், அது இன்னும் நடக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். அதையும் மீறி மாலையோடு வருகிற பெரியப்பாவிடம் சண்டை போடாமல் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

அப்பா இவ்வளவு யோசிக்கிறவர் என்றால் கண் தானம் பற்றியும் இப்போதே கேட்டு வையுங்கள். ஒரு பைசா செலவில்லை. மூச்சு நின்ற 6 மணி நேரத்துக்குள் கண் வங்கிக்காரர்கள் வந்துவிட வேண்டும், அவர்களே வீட்டுக்கு வருவார்கள். அதுவரை மின்விசிறியை நிறுத்திவிட்டு, கண்களை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்திருங்கள். தலைக்கு உயரமாக ஒரு தலையணை. கண் வங்கியின் தொலைபேசி எண்ணைக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள், அந்த நேரத்தில் யார் போனிலும் தேடிக்கொண்டிருக்க முடியாது.